உங்க போனுக்கு மணி எப்படித் தெரியுது?

1/
போன நவம்பர் மாதம். ஞாயிற்றுக்கிழமை மாலை 5:30 மணி.

என்னிடம் பல வருடமாகச் சர்க்கரைக்கு வைத்தியம் பார்க்கும் ஒரு அம்மா, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மகன் வீட்டுக்குப் போயிருக்கிறார். வாராவாரம் ஞாயிறு அவர்களுக்குக் காலை 8 மணி, நமக்கு மாலை 5:30. வீடியோ காலில் சுகர் அளவுகளைப் பார்த்து இன்சுலின் டோஸ் சொல்வது வழக்கம்.

அன்று 5:30 ஆச்சு. 5:45 ஆச்சு. ஆளைக் காணோம். போன் அடித்தால் எடுக்கவில்லை. முந்தின வாரம்தான் ராத்திரி டோஸை ரெண்டு யூனிட் கூட்டியிருந்தேன். தூக்கத்திலேயே லோ சுகர் ஆகியிருக்குமோ? எனக்கு வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிட்டது.

2/
சரியாக 6:30க்குத் திரையில் வந்தார்கள். அம்மா சிரித்த முகமாக உட்கார்ந்திருக்கிறார்.

"என்ன டாக்டர், கரெக்டா எட்டு மணிக்குத்தானே வந்திருக்கோம்?"

அவர் சொன்னது சரிதான். முந்தின ராத்திரி அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளியிருக்கிறார்கள். நான் போன் அடித்தபோது அவர்களுக்கு விடிகாலை ஏழு, எல்லோரும் தூக்கம்.

"நேத்து ராத்திரி இங்க ஒரு மணி ரெண்டு தடவை வந்துச்சாம் டாக்டர். யாரும் தொடலை, போன் தானா மாத்திக்கிச்சு" என்றார்.

தானா மாத்திக்கிச்சு. அது எப்படி? போனுக்கு யார் சொன்னது? இந்தக் கேள்வியைத் தோண்டப் போய்க் கிடைத்த கதைதான் இந்த இழை. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு உக்காருங்க.

3/
முதலில் அடிப்படை.

கோடையில் அங்கே சூரியன் சீக்கிரமே உதித்துவிடும். ஜனம் தூங்கிக்கொண்டிருக்கும் நேரத்து வெளிச்சம் வீணாகிறது என்று, வசந்த காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள். இலையுதிர் காலத்தில் பழையபடி பின்னால் இழுப்பார்கள். இதுதான் டேலைட் சேவிங், அதாவது பகல் சேமிப்பு நேரம்.

1916ல், முதல் உலகப்போர் நடுவில், நிலக்கரியை மிச்சம் பிடிக்க ஜெர்மனியும் ஆஸ்திரிய-ஹங்கேரியும் இதைத் தொடங்கின. பின்னாலேயே மற்ற நாடுகளும் வந்தன.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. சூரியன் எப்போது உதிக்கும் என்பதை நூறு வருடத்துக்கு முன்கூட்டியே கணக்குப் போட்டுச் சொல்லலாம். ஒரு அரசாங்கம் கடிகாரத்தை எப்போது மாற்றும் என்பதை எந்தக் கணக்காலும் சொல்ல முடியாது. அது ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.

4/
இப்போ கம்ப்யூட்டருக்கு வருவோம்.

உண்மையில் கம்ப்யூட்டருக்கு மணி தெரியாது. அதற்கு எண்ணத் தெரியும். லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாமே 1970 ஜனவரி 1, உலகப் பொது நேரமான யுடிசிப்படி நள்ளிரவு தொடங்கி எத்தனை வினாடி ஓடியிருக்கிறது என்று எண்ணிக்கொண்டே இருக்கின்றன. யூனிக்ஸ் என்ற பழைய இயங்குதளத்திலிருந்து வந்த பழக்கம் இது.

ஒரு உதாரணம். அந்த எண் சரியாக 100 கோடியைத் தொட்டபோது சென்னையில் 2001 செப்டம்பர் 9, காலை 7 மணி 16 நிமிடம் 40 வினாடி. அதே நொடியில் நியூயார்க்கில் செப்டம்பர் 8, இரவு 9 மணி 46 நிமிடம் 40 வினாடி. லண்டனில் 9ஆம் தேதி, பின்னிரவு 2 மணி 46 நிமிடம் 40 வினாடி.

மூன்று ஊர், மூன்று மணி. ஆனா மூணு கம்ப்யூட்டருக்குள்ளேயும் ஒரே எண்தான்.

5/
அப்போ, அந்த எண்ணை ஊர் மணியாக மாற்றுவது யார் வேலை? அங்கேதான் சிக்கல் ஆரம்பம்.

யூனிக்ஸ் பிறந்தது அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில். 1970களில் அதை எழுதியவர்கள் அமெரிக்க விதியை நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டார்கள். இந்த ஊர் யுடிசிக்கு எத்தனை நிமிடம் பின்னால், பகல் சேமிப்பு உண்டா இல்லையா என்பதெல்லாம் இயங்குதளத்தின் வயிற்றுக்குள் இருந்தது. மாற்ற வேண்டுமானால் அறுவை சிகிச்சைதான். மூலநிரலைத் திருத்தி, மறுபடி முழுசாகத் தொகுக்கணும்.

அந்த நிரலில் இரண்டே இரண்டு வருடத்துக்கு மட்டும் தனி விதிவிலக்கு இருந்தது. 1974, 1975.

அந்த ரெண்டு வருஷம் என்ன ஆச்சு?

6/
1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. அமெரிக்காவில் பெட்ரோல் பங்குகளில் வரிசை கட்டி நின்றார்கள். டிசம்பர் 15 அன்று அதிபர் நிக்சன் ஒரு அவசரச் சட்டத்தில் கையெழுத்திட்டார். குளிர்காலத்திலும் கடிகாரம் முன்னால் தள்ளியே இருக்கும், 1974 ஜனவரி 6 முதல் அமல்.

விளைவு? ஜனவரி மாதக் கும்மிருட்டில் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார்கள். விபத்துகள் நடந்தன. ஃப்ளோரிடாவில் காலை இருட்டில் பள்ளிப் பிள்ளைகள் வண்டியில் அடிபட்டு இறந்த செய்திகள் நாட்டையே உலுக்கின. டார்ச் லைட்டைக் கையில் கொடுத்துப் பிள்ளையை அனுப்பினார்கள் பெற்றோர்.

அந்த வருடம் அக்டோபரிலேயே சட்டம் தளர்த்தப்பட்டது. குளிர்காலத்துக்குப் பழைய நேரமே திரும்ப வந்தது.

ஒரு போர், ஒரு எண்ணெய்த் தட்டுப்பாடு, சில பிஞ்சு உயிர்கள். அத்தனையும் கம்ப்யூட்டருக்குள் இரண்டு வரி விதிவிலக்காகப் பதிந்து கிடந்தது. இந்தக் கதை முழுக்க இப்படித்தான். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் மனுஷங்க இருக்காங்க.

7/
அப்புறம் யூனிக்ஸ் மற்ற நாடுகளுக்கும் போனது. பெர்க்லியில் வளர்ந்த யூனிக்ஸ் வகையில் அமெரிக்காவுக்கு ஒரு எண், ஆஸ்திரேலியாவுக்கு ஒரு எண், மேற்கு ஐரோப்பாவுக்கு ஒரு எண் என்று விதிகளை அடுக்கினார்கள். ஆஸ்திரேலியாவிலோ மாநிலத்துக்கு ஒரு விதி! எத்தனை எண்தான் அடுக்குவது? ஒரு நாடு மனசு மாறினால் உலகம் பூரா நிரலைத் திருத்தணும்.

இதற்கு ஒரு முடிவு கட்டியவர் ஆர்தர் டேவிட் ஓல்சன்.

அவர் எங்கே வேலை பார்த்தார் தெரியுமா? எந்தக் கம்ப்யூட்டர் கம்பெனியிலும் இல்லை. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் ஒன்றான தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில்! ஒரு டாக்டராக எனக்கு இதைப் படித்தபோது உண்மையிலேயே புல்லரித்தது.

8/
1980களின் நடுவில் ஓல்சன் செய்த காரியம் கேட்க ரொம்ப எளிமையானது. நிரலையும் விதியையும் பிரித்தார்.

நிரல் ஒரு பக்கம், அதை அடிக்கடி தொடவே வேண்டாம். விதிகள் இன்னொரு பக்கம், யாரும் படிக்கக்கூடிய சாதாரண எழுத்துக் கோப்புகளாக. எந்த ஊர், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, யுடிசியிலிருந்து எத்தனை மணி தள்ளி. அரசாங்கம் மாற்றினால் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

எங்கள் பாஷையில் சொன்னால் இது ஒரு கேஸ் ஷீட். நோயாளிக்கு இன்று பிபி மாறிவிட்டது என்பதற்காக நேற்று எழுதியதை அழித்து எழுத மாட்டோம். அது கீழேயே அப்படியே இருக்கும், இன்றையது புது வரியாக வரும். ஓல்சன் உலகத்தின் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு கேஸ் ஷீட் திறந்தார்.

1986ல் ஒரு மின்னஞ்சல் குழு தொடங்கியது. பல நாட்டு ஆர்வலர்கள் அவரவர் ஊர் அரசாணையைத் தேடி அனுப்ப ஆரம்பித்தார்கள். சம்பளம்? அதெல்லாம் ஒண்ணும் கிடையாது.

9/
அடுத்து வந்தவர் பால் எகர்ட். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் கணினி அறிவியல் ஆசிரியர். இவர் பெயரிடும் முறையை ஒழுங்கு செய்தார்.

ஐஎஸ்டி என்று போட்டால் நமக்கு இந்திய நேரம். இஸ்ரேல்காரருக்கு இஸ்ரேல் நேரம். அயர்லாந்துக்காரருக்கு அயர்லாந்து நேரம். மூன்றும் வேறு வேறு. ஆகவே சுருக்கெழுத்து வேண்டாம். நாட்டுப் பெயரும் வேண்டாம், நாடுகள் உடையும், சேரும், பெயர் மாறும். ஊர்கள் அதைவிட நிலைத்து நிற்கும். அதனால் கண்டத்தின் பெயர், கூடவே ஒரு பெரிய நகரத்தின் பெயர்.

நம் போன், கம்ப்யூட்டர் செட்டிங்கில் சென்னையைத் தேடினால் சில சமயம் "ஆசியா/கொல்கத்தா" என்று காட்டுவது இதனால்தான். 2008வரை அது "ஆசியா/கல்கத்தா". கொல்கத்தா இந்தியாவின் தலைநகரமா என்று குழம்ப வேண்டாம், அது வெறும் பெயர்ப்பலகை.

10/
அந்த ஆசியா/கொல்கத்தா பதிவைத் திறந்து பார்த்தேன். ஆச்சரியம்!

அதில் 1870 முதல் 1905 முடியும்வரை மெட்ராஸ் நேரம் இருக்கிறது. யுடிசிக்கு 5 மணி 21 நிமிடம் 10 வினாடி முன்னால். நுங்கம்பாக்கத்திலிருந்த மெட்ராஸ் வானியல் ஆய்வுக்கூடத்தின் கணக்கு அது. ரயில்வே அந்த நேரத்தில்தான் ஓடியது. 1906 ஜனவரி 1 முதல்தான் இன்றைய ஐந்தரை மணி.

இன்னொரு வரி. 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை ஆறரை மணி! இரண்டாம் உலகப்போருக்காக இந்தியா முழுக்கக் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடியிருக்கிறது.

அந்த மூன்று வருடத்தில் பிறந்த தாத்தா பாட்டி உங்கள் வீட்டில் இருந்தால், அவர்களுடைய ஜாதகம் கணிக்க ஜோசியர் முதலில் ஒரு மணி நேரத்தைக் கழித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் லக்னமே மாறிப்போக வாய்ப்புண்டு.

ஜாதகத்தை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

11/
ஏன்னா, இந்த உலக அட்டவணை ஒருநாள் திடீரென்று நின்றுபோனதற்குக் காரணமே ஒரு ஜோசியக் கம்பெனி!

பழைய காலத்து நேர மாற்றங்கள் யாருக்கு அதிகம் தேவை? ஜோசியர்களுக்கு. எந்த ஊரில் எந்த வருடம் கடிகாரம் எப்படி ஓடியது என்று அலைந்து திரிந்து தொகுத்து, அமெரிக்காவில் ஜோசியர்களுக்கென்றே நில-நேரக் கையேடுகள் போட்டிருந்தார்கள். 1970க்கு முந்தைய விவரங்களுக்கு ஓல்சனும் எகர்ட்டும் அந்தக் கையேடுகளையும் பார்த்திருந்தார்கள். அதை வெளிப்படையாகக் குறிப்பிட்டும் இருந்தார்கள்.

2011 செப்டம்பர் 30. அந்தக் கையேட்டின் உரிமை தன்னிடம் இருப்பதாகச் சொன்ன ஆஸ்ட்ரோலேப் என்ற ஜோதிட மென்பொருள் நிறுவனம், பாஸ்டனில் இருவர் மீதும் வழக்குப் போட்டது. சம்பளம் வாங்காமல் ஊருக்கு வேலை செய்த இரண்டு பேர் மீது!

அக்டோபர் 6 அன்று ஓல்சனின் சர்வர் மூடப்பட்டது. மின்னஞ்சல் குழுவும் நின்றது.

12/
உலகத்துப் போன்கள், வங்கிகள், விமான நிறுவனங்கள், மருத்துவமனைகள். எல்லாவற்றின் கடிகாரமும் சாய்ந்து நின்ற தூண் இரண்டு தனி மனிதர்கள் என்பது அன்றைக்குத்தான் பலருக்கும் தெரிந்தது.

ஓல்சனின் ஓய்வுக்காலம் நெருங்கியதால், அட்டவணையைக் கைமாற்றும் பேச்சு ஏற்கனவே நடந்துகொண்டிருந்தது நல்லதாகப் போனது. ஒரே வாரம். அக்டோபர் 14 அன்று, இணைய முகவரிகளை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு அதை ஏற்றுக்கொண்டது. அதிலிருந்து இன்றுவரை அதன் கீழ் இயங்கும் ஐயானா வெளியிடுகிறது.

வழக்கு என்ன ஆச்சு? எலெக்ட்ரானிக் ஃப்ரான்டியர் ஃபவுண்டேஷன் இருவருக்காகவும் களத்தில் இறங்கியது. ஒரு ஊரில் கடிகாரம் எப்போது மாறியது என்பது வரலாற்று உண்மை, உண்மைக்கு யாரும் பட்டா போட முடியாது என்பது வாதம். 2012 பிப்ரவரியில் அந்த நிறுவனம் வழக்கை வாபஸ் வாங்கி, வருத்தமும் தெரிவித்தது.

13/
இதெல்லாம் யூனிக்ஸ் வம்சத்தின் கதை. விண்டோஸ் வேற பாதை.

யூனிக்ஸ் வகை கம்ப்யூட்டர்கள் மதர்போர்டில் பட்டன் பேட்டரியில் ஓடும் கடிகாரத்தில் பெரும்பாலும் யுடிசி வைக்கும். விண்டோஸ் அந்தந்த ஊர் மணியையே வைக்கும். டாஸ் காலத்துப் பழக்கம், பழைய மென்பொருள்கள் குழம்பக் கூடாதே என்று அப்படியே தொடர்ந்தது.

இதில் ஒரு வேடிக்கை. ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு விண்டோஸ் போட்டிருந்தால், நேரம் மாறும் நாளில் முதலாவது எழுந்து ஒரு மணி நேரம் மாற்றும். அடுத்த முறை இரண்டாவது எழுந்து, "அட, இன்னைக்கு மாத்தணுமே" என்று அதுவும் ஒரு மணி நேரம் மாற்றும். ஒரே மாத்திரையை டே டூட்டி நர்ஸும் நைட் டூட்டி நர்ஸும் தனித்தனியாகக் கொடுத்த மாதிரி.

14/
விண்டோஸ் 95ல் நேர மண்டலம் தேர்ந்தெடுக்க ஓர் உலக வரைபடம் வரும், ஞாபகம் இருக்கா? முதலில் அதில் நீங்கள் தேர்ந்தெடுத்த பகுதி மட்டும் பளிச்சென்று தெரிகிற மாதிரி செய்திருந்தார்கள்.

அதைப் பிறகு எடுத்துவிட்டார்கள். ஏன் என்று மைக்ரோசாப்ட் பொறியாளர் ரேமண்ட் சென் எழுதியிருக்கிறார். எந்த நாட்டு எல்லையை எங்கே போட்டாலும் ஒரு அரசாங்கத்துக்குக் கோபம் வந்திருக்கிறது. பிரச்சினைக்குரிய ஒரு பகுதியைப் பாகிஸ்தான் பக்கம் காட்டியதற்காக, மைக்ரோசாப்ட் மென்பொருள்களையே தடை செய்வோம் என்று இந்திய அரசு எச்சரித்ததாம். இந்தியாவுக்கென்றே தனி விண்டோஸ் 95 பதிப்பு போட வேண்டி வந்திருக்கிறது.

மணி பார்க்கிற ஜன்னலுக்குள் காஷ்மீர் பிரச்சினை! நேரம் என்பது அரசியல் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

15/
விண்டோஸின் பெரிய குறை வேறு. விஸ்டா வரும்வரைக்கும், ஒரு நேர மண்டலத்துக்கு ஒரே ஒரு விதியைத்தான் அது வைத்திருந்தது. இப்போதைய விதி. பழைய வரலாறு கிடையாது. அதாவது கேஸ் ஷீட்டில் ஒரே வரி. புது பிபி வந்தால் பழையதை அழித்துவிட்டு எழுதும்.

2005 ஆகஸ்டில் அமெரிக்கா எரிசக்திச் சட்டம் போட்டது. அதுவரை ஏப்ரல் முதல் ஞாயிறில் தொடங்கிய பகல் சேமிப்பு, 2007 முதல் மார்ச் இரண்டாம் ஞாயிறிலேயே தொடங்கும். அக்டோபர் கடைசி ஞாயிறில் முடிந்தது, நவம்பர் முதல் ஞாயிறில் முடியும்.

ஒன்றரை வருட அவகாசம் இருந்தது. அப்படியும் கம்பெனிகள் திணறிவிட்டன. அப்டேட் போடாத கம்ப்யூட்டர் புது நாட்களில் ஒரு மணி நேரம் தப்பாகக் காட்டும். அப்டேட் போட்ட எக்ஸ்பி, 2006 மார்ச்சில் நடந்த சங்கதிக்கும் புது விதியைப் போட்டு, பழைய கோப்புகளின் நேரத்தைத் தப்பாகக் காட்டும். காலண்டரில் போட்டு வைத்த மீட்டிங்குகள் ஒரு மணி நேரம் தள்ளிப்போயின.

16/
வரலாறு எதற்கு, இன்றைய மணி சரியாக இருந்தால் போதாதா என்று கேட்கலாம்.

இலங்கையைப் பாருங்கள். நம் மாதிரியே அங்கும் ஐந்தரை. 1996ல் மழையில்லாமல் நீர்மின் நிலையங்கள் வறண்டு மின்வெட்டு வந்தது. மே 25 அன்று கடிகாரத்தை ஆறரைக்குத் தள்ளினார்கள். அக்டோபர் 26 அன்று ஆறுக்குக் குறைத்தார்கள். அப்படியே பத்து வருடம். 2006 ஏப்ரல் 15 அன்று, சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, மறுபடி ஐந்தரை.

அந்தப் பத்து வருடமும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வடக்கு, கிழக்குப் பகுதிகள் புது நேரத்தை ஏற்கவில்லை. அங்கே பழைய ஐந்தரையே ஓடியது. ஒரே தீவு. ஒரு சோதனைச் சாவடியைத் தாண்டினால் மணி வேறு.

கம்ப்யூட்டரின் அட்டவணையில் ஆசியா/கொழும்பு என்று ஒரே பதிவுதான். வன்னியில் 2001ல் பிறந்த ஒரு குழந்தையின் பிறந்த நேரத்தை இன்று அதில் போட்டால், அரை மணி நேரம் பிசகும். அட்டவணை பொய் சொல்லவில்லை. ஆனால் யார் ஆணையிட்டாரோ அவருடைய நேரம்தான் அதில் ஏறியிருக்கிறது.

17/
ஆணை கடைசி நிமிடத்தில் வந்தால்?

துருக்கி, 2015. நவம்பர் 1 தேர்தல். வாக்காளர்களுக்கு மாலை வெளிச்சம் வேண்டுமென்று, அக்டோபர் 25ல் பின்னால் போக வேண்டிய கடிகாரத்தை நவம்பர் 8க்குத் தள்ளி வைத்தது அரசு. கேட்காத போன்கள் 25ஆம் தேதியே தானாக மாறிக்கொண்டன. அன்று துருக்கி மக்கள் சமூக வலைதளத்தில் ஒருவரையொருவர் கேட்ட கேள்வி, "மணி என்ன?"

லெபனான், 2023. மார்ச் 25 நள்ளிரவு கடிகாரம் முன்னால் போகணும். ரம்ஜான் முடியும்வரை தள்ளி வைக்கிறோம் என்று பிரதமர் மிக்காத்தி அறிவித்தது 23ஆம் தேதி. இரண்டே நாள். மாரோனைட் திருச்சபை ஏற்கவில்லை. சில தொலைக்காட்சிகள் ஏற்கவில்லை. ஒரே தெருவில் இரண்டு மணி. மொபைல் நிறுவனங்கள், போன் நேரத்தை நீங்களே கையால் மாற்றிக்கொள்ளுங்கள் என்று குறுஞ்செய்தி அனுப்பின.

27ஆம் தேதி அமைச்சரவை கூடி முடிவை வாபஸ் வாங்கியது. உலக அட்டவணையில் அந்த முடிவுக்காக ஒரு பதிப்பு, சில நாளிலேயே அதை ரத்து செய்து இன்னொரு பதிப்பு. பாவம், அட்டவணையைப் பார்த்துக்கொள்கிறவர்கள்!

18/
தாமதம் ஏன் இவ்வளவு பாதிக்கிறது?

அரசாங்கம் அறிவிக்கணும். தன்னார்வலர்கள் சரிபார்த்து வரியைச் சேர்க்கணும். ஐயானா வெளியிடணும். அதை ஆப்பிள், கூகுள், லினக்ஸ்காரர்கள் எடுத்துத் தங்கள் அப்டேட்டில் சேர்க்கணும். மைக்ரோசாப்ட் தன் சொந்தப் பட்டியலைத் திருத்தணும். கடைசியில் நீங்களும் நானும் அந்த அப்டேட்டைப் போடணும். "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று நாம் தள்ளுகிற அதே அப்டேட்!

முன்பு ஆண்ட்ராய்டில் இதற்கு முழு சிஸ்டம் அப்டேட்டே வர வேண்டியிருந்தது. ஆண்ட்ராய்டு 10 முதல் நேர அட்டவணையை மட்டும் தனியாக அனுப்ப வழி செய்தார்கள். மொபைல் டவரும் இப்போதைய மணியைச் சொல்லிவிடும். ஆனால் போன மாசம் எடுத்த போட்டோவின் நேரமோ, அடுத்த மாச அப்பாயின்ட்மென்டோ சரியாகத் தெரிய, போனுக்குள் அட்டவணை இருந்தே ஆகணும்.

19/
இப்போ என் துறைக்கு வருகிறேன். அந்த அம்மா சொன்ன, ரெண்டு தடவை வந்த ஒரு மணி.

அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறு, நள்ளிரவு தாண்டி இரண்டு மணி ஆனதும் கடிகாரம் ஒன்றுக்குத் திரும்பும். 1:00 முதல் 2:00 வரை மறுபடி ஓடும்.

ஐசியுவில் ஒரு நோயாளி. 1:45க்கு பிபி 80க்கு இறங்குகிறது. உடனே டிரிப்பில் மருந்து ஏற்றுகிறார்கள். அரை மணி கழித்து பிபி 110. அப்போது சுவர்க் கடிகாரம் காட்டுவது 1:15! கம்ப்யூட்டர் நேர வரிசையில் அடுக்கினால், 1:15க்கு நன்றாக இருந்தவர் 1:45க்குச் சரிந்துவிட்டார் என்று வரும். காலை டூட்டி டாக்டர் அதைப் படித்தால்? குணமான கதை மோசமான கதையாகிவிடும்.

2018ல் அமெரிக்கப் பத்திரிகைகளில் இது பேசுபொருளானது. சில மருத்துவமனைகளில் அந்த ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரை விட்டுவிட்டுப் பேனாவும் காகிதமும் எடுத்துக்கொள்கிறார்கள் என்று செய்தி வந்தது.

இத்தனைக்கும் உள்ளே ஓடும் வினாடி எண் குழம்பவே இல்லை. அது நேராகத்தான் போகிறது. எந்த 1:15 என்று திரை கேட்காததும், மனிதர் சொல்லாததும்தான் கோளாறு.

20/
சரி, நாம என்ன செய்யலாம்?

✅ போனில் தானியங்கி நேரம், தானியங்கி நேர மண்டலம் இரண்டையும் ஆன் செய்து வையுங்கள். அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள்.

✅ வெளிநாட்டில் இருப்பவர்களோடு நேரம் குறிக்கும்போது ஊர் பெயரோடு சொல்லுங்கள். "நியூயார்க் நேரம் காலை 8" என்று காலண்டரில் போட்டால், மாற்றத்தை அதுவே பார்த்துக்கொள்ளும். மார்ச், நவம்பர் மாதங்களில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

✅ பயணத்தில் இருக்கும் நோயாளிகள், முக்கியமாக இன்சுலின், வலிப்பு மருந்து எடுப்பவர்கள், மணியை மட்டும் பார்க்காதீர்கள். போன டோஸுக்கும் இந்த டோஸுக்கும் எத்தனை மணி நேர இடைவெளி என்று எண்ணுங்கள். ஒரு மணி நேர வித்தியாசம் பலருக்குப் பிரச்சினை இல்லை. கண்டம் தாண்டிப் போகிறீர்கள் என்றால் கிளம்பும் முன் உங்கள் மருத்துவரிடம் அட்டவணை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாக டோஸை மாற்ற வேண்டாம்.

21/
அந்த அம்மாவின் சுகருக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை. அவர் நன்றாகத் தூங்கி எழுந்திருந்தார். ஒரு மணி நேரம் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தது நான்தான்.

இப்போது என் டைரியில் அவருக்கு எதிரே "5:30" என்று எழுதுவதில்லை. "அவங்க ஊர் காலை 8" என்று எழுதுகிறேன்.

நம் கையில் இருக்கும் போன் மணி காட்டுவது சாதாரண விஷயமாகத் தெரிகிறது. அதற்குள் மெட்ராஸ் ஆய்வுக்கூடம் இருக்கிறது. போர்க்காலத்து ஆறரை மணி இருக்கிறது. இருட்டில் பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இருக்கிறார்கள். அதையெல்லாம் வரி வரியாக எழுதி வைத்த, நாம் முகம்கூடப் பார்க்காத சிலருடைய ராத்திரிகளும் இருக்கின்றன.

அடுத்த தடவை போன் தானாக மணியை மாற்றிக்கொண்டால், "தானா" என்று சொல்லாதீங்க. யாரோ உட்கார்ந்து ஒரு வரி எழுதியிருக்காங்க.

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் பெற்றோருக்கு இதைப் பகிருங்கள்.